மாதிரி மது மாலை

அய்யனார் குடியை விட்டுவிட்டான் என்று ஊர் நம்பிவிட்டது. மாமியார்கூட அரைமனதாக நம்பிவிட்டாள். நம்பாமல் இருந்தது ஒரே ஓர் அலுவலகம்தான். அதையும் குற்றம் சொல்ல முடியாது. அய்யனார் குடிகாரனாக இருப்பது அந்த அலுவலகத்துக்குத் தேவைப்பட்டது.

மிதமான பொழுதுபோக்கு ஊக்குவிப்பு அலகு என்று அதற்குப் பெயர். கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சிப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒப்பாரி வைக்கச் செய்துவிட்டுப் போன பிறகு, எதையாவது செய்தாக வேண்டும் என்று பெரியவர்களுக்குத் தோன்றியது. உடனே ஒரு பெயர்ப்பலகைக்குச் சொன்னார்கள். பலகை வந்ததும் அதை மாட்ட ஒரு கட்டடம் பிடித்தார்கள். கட்டடத்தில் உட்கார ஒரு திட்ட அலுவலரைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்கு என்ன வேலை என்று யோசித்தார்கள்.

வேலை இணையத்தில் கிடைத்தது. வீட்டில் நண்பர்களோடு உட்கார்ந்து குடிக்கும்போது ஆடுவதற்கு ஏற்ற குதூகலமான விளையாட்டுகள் என்று எவனோ எந்தத் தேசத்திலிருந்தோ எழுதி வைத்திருந்தான். அதைத் தமிழாக்கிச் சுற்றறிக்கையாக அடித்தார்கள். நம் ஜனங்கள் சந்துமுனையில் நின்று மடக்கென்று குடிப்பதால்தான் கெடுகிறார்கள், வீட்டில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே மெல்ல மெல்லக் குடித்தால் ஒரு கெடுதலும் வராது என்பது அதன் தத்துவம். தத்துவத்தைச் செய்து காட்ட ஒரு வீடு வேண்டியிருந்தது. அய்யனார் வீடு அகப்பட்டது.

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு மேற்கே இருக்கிறது அவனுடைய ஊர். ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடுகிற வேலை அவனுக்கு. நிரந்தர வேலை இல்லை. காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை வால்வைத் திருகிவிட வேண்டும். அது ஒன்றைத்தான் குடித்த காலத்திலும் அவன் தவறாமல் செய்தான். மற்றதிலெல்லாம் தவறினான். ஒரு சாயங்காலம் மகள் சுபஸ்ரீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனைவி விஜயலட்சுமியைக் கைநீட்டி அடித்தான். மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நைனார்பாளையத்துக்கு, தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதோடு அவன் விட்டான். கை நடுங்கியது, தூக்கம் கெட்டது, இருந்தும் விட்டான். மாதக்கணக்காகப் போனில் கெஞ்சியபின் அவள் ஒருவழியாக வருகிறேன் என்றாள்.

"ஞாயித்துக்கெழம சாய்ங்கால பஸ்ஸுக்கு வரேன். வாசப்படியிலயே ஊதச் சொல்வேன். வாட வந்துச்சுன்னா, வூட்டுல ஒரு பாட்டிலப் பாத்தேன்னா, அதே பஸ்ஸு மலைக்குப் போயித் திரும்பி வர்றப்ப ஏறிடுவேன். அப்பால என்னத் தேடிக்கினு வராத."

பஸ் மலைக்குப் போய்த் திரும்பி வர அதிக நேரம் ஆகாது. அது அய்யனாருக்குத் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் திட்ட அலுவலர் ஜெயப்பிரகாஷ் ஜீப்பில் வந்து தொட்டியடியில் இறங்கினார். மாதிரி மது மாலை ஞாயிற்றுக்கிழமை மாலை அய்யனார் வீட்டில் என்று முடிவாகிவிட்டதாகச் சொல்லிக் கையைக் குலுக்கினார்.

"சார், நான் குடிய வுட்டுட்டேன்" என்றான் அய்யனார்.

"தெரியும்பா. அதனாலதான் உன்ன எடுத்தோம். குடிக்காதவனுக்கு அளவாக் குடிக்கத் தெரியாது. குடிக்கறவன் அளவாக் குடிக்க மாட்டான். விட்டவனுக்குத்தான் அனுபவமும் இருக்கு, அடக்கமும் இருக்கு. எங்க குடிநோய் முகாமுக்கு வந்து திருந்துன ஒரே ஆளு நீதான். உன்ன வச்சித்தான் அளவாக் குடிக்கலாம்னு நாங்க நிரூபிக்கணும்."

"அன்னிக்கு எம் பொண்டாட்டி வருது சார். வாட வந்தா திரும்பிப் பூடும்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. குடும்பம் ஒத்துழைச்சதுன்னு ஒரு வரி சேத்துக்கலாம்." ஜீப்பில் ஏறிக்கொண்டே தொட்டியை அண்ணாந்து பார்த்தார். "தற்காலிகம்தானே இந்த வேலை? உன் பேரை நாங்களும் சிபாரிசு பண்ணாத்தான் நீடிக்கும்னு சொன்னாங்க. பாத்துக்கப்பா."

ஜீப் போன பிறகும் அய்யனார் வால்வைப் பிடித்தபடி நின்றான். வேலை போனால் அவளைக் கூட்டிவந்து எதைச் சாப்பிடுவது? வேலை இருந்து அவள் போய்விட்டால் எதற்குச் சாப்பிடுவது? மோர்தான் ஊற்றுவார்கள், அரசாங்கம் எப்படிச் சாராயம் ஊற்றும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வாசலில் பேனர் கட்டிவிட்டார்கள். அதில் அவன் படத்துக்குக் கீழே 'மாதிரிப் பயனாளி' என்று போட்டிருந்தது. பிறகு ஜீப்பிலிருந்து பீர்ப் பெட்டிகள் இறங்கின.

"மோருன்னு நெனச்சேன் சார்" என்றான் அய்யனார்.

கணக்கர் தமிழழகன் பதில் சொன்னார். "மோர்ல நுரை நிக்காதுப்பா. படத்துல தெரிஞ்சிடும். இது சாராயம் இல்ல, செய்முறைப் பொருள். பில்லுல அப்படித்தான் இருக்கு."

வந்தவர்கள் நான்கு பேர். ஜெயப்பிரகாஷ், தமிழழகன், விளையாட்டு வல்லுநர் என்ற பேரில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் காசிநாதன், எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடிக்க இலக்கியா என்ற சின்ன வயதுப் பெண். அவள் மட்டும் உள்ளே வரும்போது அய்யனாரைப் பார்த்து, "உங்க வூட்டுல யாரும் இல்லீங்களா?" என்று கேட்டாள். "வந்துக்கினு இருக்காங்க" என்றான் அவன்.

முதலில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிறகு ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டார்கள். பிறகு கண்ணாடித் தம்ளர்களை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, 'அளவோடு அருந்துவேன், விதிகளை மீறேன்' என்று உறுதிமொழி எடுத்தார்கள். அய்யனார் கையிலும் ஒரு தம்ளரைத் திணித்தார்கள். நுரை விளிம்பில் நின்று இறங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வாடை நேராக மூக்கில் ஏறியதும் அவன் நாக்கு அவனைக் கேட்காமலே ஊறியது. தன்மேலேயே அவனுக்குப் பயமாக இருந்தது.

ஜெயப்பிரகாஷ் போனைப் பார்த்து உரையாற்றினார்.

"பயனாளி அவர்களே, சகோதரர்களே. மதுவை விற்பது ஒரு துறை. மதுவைத் தடுப்பது இன்னொரு துறை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் ஒற்றுமையாகச் செயல்படுகின்றன. ஆனால் வாங்கியவன் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறான் என்று கேட்க ஒரு துறையும் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையை நாம் போக்கியிருக்கிறோம். மக்கள் குடிப்பதை நிறுத்திவிட்டால் அந்தத் துறையும் இருக்காது, இந்தத் துறையும் இருக்காது, நாமும் இருக்க மாட்டோம். ஆகவே மிதமாக, தொடர்ந்து குடிப்பதே நாட்டுக்கு நல்லது."

கை தட்டினார்கள். அய்யனாரும் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுத் தட்டினான். காசிநாதன் உடனே தம்ளரை எடுத்து அவன் கையில் திரும்பவும் கொடுத்தார்.

முதல் ஆட்டம் பந்தெறிதல். பந்து ஒப்புதலாகி வரவில்லை என்பதால் எலுமிச்சம்பழம். மேசையின் அந்தக் கோடியில் இருக்கிற தம்ளருக்குள் பழத்தைப் போட வேண்டும். போட்டவன் தப்பித்தான், தவறவிட்டவன் குடிக்க வேண்டும். காசிநாதன் விசில் ஊதி எல்லோரையும் உயர வரிசையில் நிற்க வைத்தார்.

அய்யனாருக்கு உயிர் வந்தது. மக்காச்சோளக் காட்டில் கிளி விரட்டிப் பழகிய கை அவனுடையது. பழத்தை விட்டான், தம்ளருக்குள் விழுந்தது. மறுபடி விட்டான், மறுபடி விழுந்தது. ஆனால் மாவட்ட அளவில் மெடல் வாங்கிய காசிநாதனுக்குக் குறி சன்னலுக்கு வெளியே போனது. தமிழழகன் தன் காலடியிலேயே போட்டுக்கொண்டார். ஜெயப்பிரகாஷ் எறியவே இல்லை, "தவறிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். மூன்று பேரும் அப்படித் தவறித் தவறி ஒரு பெட்டியை முடித்தார்கள்.

"பயனாளி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலியே" என்றார் ஜெயப்பிரகாஷ். இப்போது குரலில் கொஞ்சம் கடுப்பு இருந்தது. "மாதிரி குடிக்காம நாங்க மட்டும் குடிச்சா, பாக்கறவன் எங்கள இன்னான்னு நெனப்பான்?"

அடுத்த எலுமிச்சம்பழத்தை வேகமாகத் தம்ளருக்குள் அடித்தார். பீர் தெறித்து அய்யனாரின் சட்டை முழுக்க நனைந்தது. அவன் பதறித் துண்டால் துடைத்தான். துடைக்கத் துடைக்க வாடைதான் பரவியது. வெளியே வெயில் தணிந்து, புளியமர நிழல் பாதைவரை நீண்டிருந்தது. தெருக்குழாயடியில் குடங்களைப் போட்டு வைத்துவிட்டுப் பெண்கள் அவன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் திறக்கிற நேரம்.

"சார், போயி வால்வ மட்டும் தொறந்து வுட்டுட்டு வந்துடறேன்."

"ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு. சுற்றறிக்கையில முக்கியமானதே அதுதான். உக்காரு."

கடைசி ஆட்டத்துக்குப் பந்தும் வேண்டாம், பழமும் வேண்டாம். வட்டமாக உட்கார வேண்டும். ஒருவன், தான் வாழ்க்கையில் செய்ததே இல்லை என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். வட்டத்தில் யாராவது அதைச் செய்திருந்தால் அவன் குடிக்க வேண்டும். செய்யாதவன் குடிக்கக் கூடாது. பொய் சொன்னால் ஆட்டம் கெட்டுவிடும்.

இந்த ஆட்டத்தில் அரசு ஊழியர் யாரும் குடிக்க வாய்ப்பில்லை என்றுதான் அய்யனார் நினைத்தான். அவர்களுடைய தாகத்தை அவன் சரியாக எடைபோடவில்லை.

காசிநாதன் தொடங்கினார். "நான் டூட்டி நேரத்துல தூங்குனதே இல்ல." சொன்னவர் உட்பட மூன்று பேரும் எடுத்துக் குடித்தார்கள்.

தமிழழகன் தொண்டையைச் செருமினார். "நான் நடக்காத முகாமுக்கு பில்லு போட்டதே இல்ல." மூன்று பேரும் குடித்தார்கள். ஜெயப்பிரகாஷ் ஒரு தம்ளரை முடித்துவிட்டு இன்னொன்றை ஊற்றிக்கொண்டார். "ரெண்டு முகாம்" என்றார் நேர்மையாக.

"பயனாளி?"

"எனக்கு ஆபீஸும் இல்ல, பில்லும் இல்ல சார்."

ஜெயப்பிரகாஷுக்கு இப்போது கண் சிவந்திருந்தது. வட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "கள்ளச்சாராயம் காச்சறவன் யாருன்னு தெரிஞ்சும் நான் சும்மா இருந்ததே இல்ல."

காசிநாதன் தம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடித்தார். தமிழழகன் குடித்தார். ஜெயப்பிரகாஷ் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

அய்யனாருக்குச் சடையனின் ஞாபகம் வந்தது. கூட உட்கார்ந்து குடித்தவன். ஒரு பாக்கெட் சாராயத்தில் கண் போய், மறுநாள் ஆளே போனான். காய்ச்சினது யாரென்று அய்யனாருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது.

"பயனாளி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றான். சொன்ன பொய் வாய்க்குள்ளேயே கசந்தது. ஒரு சொட்டுக் குடிக்காமல் இருக்க இன்னும் எத்தனை பொய் சொல்ல வேண்டியிருக்குமோ என்று வெட்கமாக இருந்தது.

பாதை முனையில் பஸ் ஹாரன் கேட்டது. அய்யனார் எழுந்தான். காசிநாதன் விசில் ஊதி அவனைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தார்.

"இலக்கியா, நீ ஒண்ணு சொல்லும்மா. பெண்கள் பங்கேற்புன்னு ஒரு வரி போடணும்" என்றார் ஜெயப்பிரகாஷ்.

அந்தப் பெண் போனை இறக்காமல், யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். "நான் கட்டுனவங்கள கைநீட்டி அடிச்சதே இல்ல."

மூன்று தம்ளர்களும் உயர்ந்தன. ஒருவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. விதி என்று இருக்கும்போது குடிக்கத்தானே வேண்டும் என்பதுபோல் குடித்தார்கள். காசிநாதன் ஏப்பம் விட்டார்.

அய்யனார் தலையைத் தூக்கியபோது வாசற்படியில் விஜயலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் சுபஸ்ரீ. தலைக்கு மேலே காற்றில் அவன் படம் போட்ட பேனர் ஆடிக்கொண்டிருந்தது. அவள் பெட்டிகளைப் பார்த்தாள், பாட்டில்களைப் பார்த்தாள், அவன் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள்.

"பயனாளி குடிக்கலியே" என்றார் ஜெயப்பிரகாஷ். அவர் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். "அப்ப நீ அடிச்சதே இல்ல. அப்படித்தானே?"

இல்லை என்று சொன்னால் போதும். தம்ளரைக் கீழே வைத்துவிடலாம். அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்கும் அந்தப் பீருக்கும் நடுவில் இருந்தது. சுபஸ்ரீ அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் பாதி முகம் தெரிய அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். அவள் அன்றைக்கு அங்கேதான் நின்றாள்.

"அடிச்சேன் சார்" என்றான் அய்யனார்.

"அப்ப குடி."

"குடிக்க மாட்டேன்."

"ஏம்பா, வெளயாடறியா? அடிச்சேன்னு சொன்னா குடிக்கணும். குடிக்கலன்னா அடிக்கலன்னு சொல்லணும். ரெண்டுல ஒண்ணுதான் விதி. அடிச்சேன், ஆனா குடிக்க மாட்டேன்னு சொல்றதுக்கு சுற்றறிக்கையில எடமே இல்ல."

"எடம் இல்லன்னா இன்னா பண்றது சார். நான் அடிச்சேன். குடிக்க மாட்டேன்."

ஜெயப்பிரகாஷ் எழ முயன்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மூணு அரசு ஊழியர் விதிய மீறாம குடிச்சிருக்கோம். ஒரு பயனாளிக்கு இவ்ளோ திமிரா? நாளையிலேருந்து உனக்கு டேங்க் வேல கெடையாது. நான் சொல்றேன்."

அப்போதுதான் விஜயலட்சுமி உள்ளே வந்தாள். வந்தவள் வட்டத்துக்கு நடுவில் நின்றாள்.

"நானும் ஒண்ணு சொல்றேங்க சார். இந்த வூட்டுல ஒரு ராத்திரிகூட நான் பயப்படாம படுத்ததே இல்ல. படுத்தவங்க யாராச்சும் இருந்தா எடுத்துக் குடிங்க."

ஒருவர் கையும் தம்ளர்ப் பக்கம் போகவில்லை. அவர்கள் அந்த வீட்டில் படுத்தவர்கள் இல்லை. பயமில்லாமல் படுத்தவன் ஒருத்தன்தான். அய்யனார் தலையைக் குனிந்துகொண்டான். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தான். அவள் அவன் கையிலிருந்த தம்ளரை வாங்கி, வாசலுக்கு வெளியே கொண்டுபோய் மண்ணில் கவிழ்த்தாள். திரும்பி வந்து ஆணியில் தொங்கிய வால்வுச் சாவியை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"கொழாயடியில பொம்பளைங்க நின்னுக்கினு இருக்காங்க. தண்ணி தொறந்து வுடல நீ."

"அவனுக்கு அந்த வேல இல்லன்னு இப்பத்தானே சொன்னேன்" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"நாளையிலேருந்துதானேங்க சார் இல்ல. இன்னிக்கு ஊருக்குத் தண்ணி வேணும்."

அய்யனார் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினான்.

ஜீப் கிளம்பிய கதையையும் சொல்லிவிடலாம். காசிநாதன் விசில் ஊதி மற்றவர்களை ஏற்றினார். அலகின் அறிக்கை மறுவாரம் மேலிடத்துக்குப் போனது. மாதிரி மது மாலை முழு வெற்றி, அலுவலர்கள் மூவரும் விதிகளைப் பிழையின்றிக் கடைப்பிடித்தனர், பயனாளி மட்டும் சிறிது ஒத்துழைக்கவில்லை என்றது அறிக்கை. இலக்கியா படத்தை ஒரு நொடிகூட வெட்டாமல் அப்படியே இணைத்து அனுப்பினாள். மேலிடத்தில் அது ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். ஓடியது. பாராட்டுக் கடிதம் வந்தது. வெற்றி பெற்ற திட்டத்தின் பயனாளியை வேலையை விட்டு எடுத்தால் வெற்றி கெட்டுவிடும் என்பதால் தொட்டி வேலையில் யாரும் கைவைக்கவில்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு அய்யனாருக்கு ஒன்றும் தெரியாது. தொட்டியடியில் நின்று வால்வைத் திருகினான். குழாயில் காற்று சீறி, பிறகு தண்ணீர் கொட்டியது. குடங்கள் நிரம்புகிற சத்தம் தெருவழியே கேட்டது. மலைக்குப் போன பஸ் திரும்பி வரும் சத்தமும் கேட்டது. அவன் அசையாமல் நின்றான். பஸ் ஊர் முனையில் நின்றது. யாரோ இறங்கினார்கள். யாராவது ஏறினார்களா என்று அந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை. பஸ் போய்விட்டது.

அவன் வால்வுச் சாவியோடு வீட்டுக்குத் திரும்பினான். வாசலில் பேனர் அவிழ்ந்து கிடந்தது. பாட்டில்கள் எல்லாம் வெளியே புளியமரத்தடிக்குப் போயிருந்தன. வாசற்படியில் விஜயலட்சுமி நின்றாள்.

"ஊது" என்றாள்.

சட்டையெல்லாம் பீர் நாற்றம். எங்கே வாய் வாடை, எங்கே சட்டை வாடை என்று எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். அவள் முகத்தைத் திருப்பாமல் நின்றாள். "இன்னொரு தபா" என்றாள். ஊதினான். உள்ளே சுபஸ்ரீ புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படிக்காமல், இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஜயலட்சுமி படியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"சட்டையக் கழட்டி வெளிய போட்டுட்டு உள்ள வா" என்றாள்.